மூன்று முறை மின்னிய விளக்கு

கைப்பேசி அலறியது!

பேனல் ரூமில் எலக்ட்ரீஷியன் எடுத்தார். மகளின் நம்பர். பேசியதோ கர்ச்சீப் பொத்திய ஆண் குரல்!

"உன் பொண்ணு கீழ, பழைய பேங்க் இரும்பு ரூம்ல இருக்கா. பூட்டிட்டேன். காத்து அரை மணி நேரம்தான் தாங்கும்..."

அவரிடமே வேலை பழகும் ஒரே மகள்!

"உனக்கு என்னய்யா வேணும்?"

"நெருப்பு! மெயின் பேனல்ல ஒரு ஷார்ட் சர்க்யூட். இந்தப் பழைய கட்டடத்தை இடிக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. எரிஞ்சு போச்சுன்னா யாரு கேக்கப் போறா?"

"ஐயோ, மேல அத்தனை கடை! அத்தனை ஜனம்!"

"ஜனமா, பொண்ணா? போலீசுக்குப் போன... பொணம்தான்!"

லைன் கட்.

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இத்தனை வருஷம் சோறு போட்ட கட்டடம். முதலில் பேங்க். அப்புறம் சினிமா தியேட்டர். இப்போது கடைகள்...

தியேட்டர்!

அழுகை சட்டென்று நின்றது.

தியேட்டர்காரர்கள் இரும்பு ரூமின் பின்சுவரை உடைத்து, ஆள் தவழும் அகலத்துக்கு ஏ.சி. குழாய் விட்டார்கள். கடைகள் வந்தபோது அதன் வாயைப் பலகையால் அடைத்தவரே இவர்தான். அந்தக் கதையை ஆயிரம் முறை சொல்லி, "போதும்ப்பா!" என்று மகளிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அவள் இடுப்பில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பலகையைக் கழற்றிவிடுவாள்.

ஆனால்... குழாய்க்குள் கடைகளின் எக்ஸாஸ்ட் ஃபேன்! சுற்றும்போது நுழைந்தால் உடம்பு மிஞ்சாது.

மெயினை அணைத்தார். போட்டார். மூன்று முறை!

அப்பாவும் மகளும் வேலையில் வைத்திருக்கும் வழக்கம் அது. விளக்கு மூன்று முறை மின்னி அணைந்தால், லைன் செத்துவிட்டது, தைரியமாகக் கை வைக்கலாம்.

கட்டடம் இருண்டது. பத்து நிமிஷம்... அவர் கும்பிடாத தெய்வமில்லை.

மறுபடி போன்!

"கரண்ட் போச்சு. புகையைக் காணோமே?"

"வயரை உரிச்சு வச்சிட்டேன். மெயினைப் போட்டா பத்திக்கும். அதுக்கு முன்னாடி என் பொண்ணு குரலைக் கேக்கணும்!"

"அடம் பிடிக்காதே!"

"கேட்டாத்தான் மெயின்ல கை வைப்பேன். கொன்னாலும் சரி!"

பல்லைக் கடிக்கும் சத்தம். சாவி திரும்பும் சத்தம். இரும்புக் கதவு முனகியது.

"ஏய், பேசு... ஏய்! எங்கடி போன?"

டமார்!

லைன் செத்தது.

எலக்ட்ரீஷியன் டார்ச்சோடு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். மூடிய கதவுக்கு வெளியே மகள்! உடம்பெல்லாம் தூசி, முழங்கையில் ரத்தம். கட்டிக்கொண்டு கதறிவிட்டார்.

"ஃபேனைப் பாத்து நடுங்கிட்டிருந்தேன்ப்பா. விளக்கு மூணு தரம் மின்னுச்சு... புகுந்துட்டேன்! சுத்தி வந்து தூண் மறைவுல நின்னேன். ஆள் உள்ள போனதும் கதவை ஒரே தள்ளு, தொங்குன சாவியைத் திருப்பிட்டேன்!"

உள்ளே கதவைக் குத்தும் சத்தம். கர்ச்சீப் இல்லாத குரல்.

சாட்சாத்... கட்டட மேனேஜர்!

"திறங்க! மூச்சு முட்டுது!"

"கட்டடத்தோட கதையைச் சொல்ல வந்தப்பல்லாம் நேரமில்லைன்னு விரட்டுனீங்களே சார்..." எலக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்தபடி போலீசுக்கு நம்பரை அழுத்தினார்.

மகள் கதவில் வாய் வைத்துக் கத்தினாள்.

"பயப்படாதீங்க சார்! பின்னாடி பலகையைக் கழட்டி வச்சிருக்கேன். அந்த ஓட்டை வழியா காத்து தாராளமா வரும்... உங்க தொப்பைதான் போகாது!"