எண்ணெய் மட்டம்

ஜவாத் காரை விட்டு இறங்கியதும் எண்ணெய் குறைந்தது.

ஓட்டுநர் இருக்கையில் அவர் அமர்ந்திருக்கும்வரை சோதனைக் கருவியின் திரையில் பச்சைக் கோடு நிறைந்து நின்றது. இறங்கி நிமிர்ந்ததும், யாரோ ஓரமாக உறிஞ்சுவதைப் போல அது மெல்ல வற்றிப் பாதிக்குக் கீழே போனது. சிவப்பு விளக்கு பற்றியது. மறுபடி ஏறி அமர்ந்தார். நிறைந்தது.

அது அவருடைய மருமகனாகப் போகிற றிப்தி கொழும்பில் வாங்கி வந்த கார். தரையோடு படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நாளைக்கு நிக்காஹ் முடிந்ததும் ஜவாதின் மகள் றுமானாவை இடப்பக்க இருக்கையில் ஏற்றிக்கொண்டு அவன் இதில்தான் போவான். எண்ணெய் உண்மையிலேயே வற்றி, ஓட்டத்தில் எஞ்சின் இறுகிவிட்டால் என்ன ஆகும் என்று ஜவாதுக்குத் தெரியும். அப்படி இறுகிய வண்டிகளை அவர் இழுத்து வந்திருக்கிறார். சிலவற்றில் இருக்கைகளையும் கழுவ வேண்டியிருந்தது.

அதனால்தான் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் காரை விட்டு நகரவில்லை. சென்சரைப் புதிதாக மாற்றியாயிற்று. வயர்களை மீற்றர் வைத்துப் பார்த்தாயிற்று. எண்ணெய் முழுவதையும் வடித்து அளந்து, சரியான அளவைத் திரும்ப ஊற்றியுமாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. விளக்கு மட்டும் அணையவில்லை.

றிப்திக்குப் போனில் கோல் எடுத்தார்.

"என்ன மருமகன், இவ்வளவு விலை குடுத்த கார்ல எண்ணெய் பார்க்க ஒரு குச்சி வைக்க அவனுகளுக்கு ஏலாமப் போயிட்டா?"

"குச்சி வச்சா அது ட்ரெக்டர் மாமா," என்று அவன் சிரித்தான்.

"லைட் எப்ப இருந்து பத்துது?"

"போன மாசம் ஒரு மழை நாள். நிந்தவூர் வயலடியில ஒரு பொம்பிளை நனைஞ்சிக்கிட்டு நிண்டா. பாவமெண்டு நிப்பாட்டி, மற்றப் பக்கக் கதவத் திறந்து ஏறுங்க எண்டன். பார்த்தா ஆளில்ல. கதவச் சாத்திட்டு வந்துட்டன். வீட்ட வந்து இறங்கக்குள்ள லைட் பத்திட்டு."

"நல்ல மனசு மருமகன். அல்லாஹ் பொருந்திக்கொள்ளுவான்," என்றார் ஜவாத். அதை மனதாரத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு கராஜ் முன்பைவிட அமைதியாக இருப்பதாகத் தோன்றியது.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இரண்டு வீட்டு வளவு தள்ளி, வீட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கராஜ். இருட்டி, மஃரிப் தொழுகையும் முடிந்திருந்தது. வீட்டுப் பெண்கள் தையல்காரியிடம் உடுப்பு எடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தார்கள். றுமானா மட்டும் வீட்டில் இருந்தாள். கடல் இரைச்சலுக்கு நடுவே, பழைய எண்ணெய், கிறீஸ், உப்புக்காற்று ஆகிய பழகிய வாசனைகளுக்கு அடியில், இன்னொரு வாசனை கசிந்துகொண்டிருந்தது. சேற்று வாசனை. நீர் நின்று அழுகிய வயலின் வாசனை. மழை பெய்து பல நாட்களாகியிருந்தன.

கார் சாய்ந்து நின்றால் சென்சர் தவறான அளவைக் காட்டும். வலப்பக்க ஓட்டுநர் இருக்கையில் அவர் அமரும்போது மட்டும் கோடு நிறைவதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். அவர் குனிந்து, சக்கரத்துக்கும் அதன் மேல் விளிம்புக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். வலப்பக்கம் நான்கு விரல்கள் போயின. இடப்பக்கம் மூன்று.

தரை சாய்வோ? காரை வெளியே எடுத்து, எதிர்ப்பக்கம் திருப்பி அதே இடத்தில் நிறுத்தினார். தரையில் பிழை என்றால் இப்போது வலப்பக்கம் தாழ வேண்டும்.

தாழ்ந்தது இடப்பக்கம்தான்.

இடப்பக்கக் கதவைத் திறந்தார். சேற்று வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே யாருமில்லை. தோல் இருக்கையின் நடுவில் மட்டும் ஒரு குழி. ஒருவர் அமர்ந்தால் விழுகிற குழி. எவரும் எழாததால் நிரம்பாத குழி. அவர் கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ஸ்பிரிங்தான், என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஸ்பிரிங் உடைந்திருக்கும். கருவியையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே இருந்த வேலைக் குழிக்குள் இறங்கினார்.

ஸ்பிரிங் உடைந்திருக்கவில்லை. பாரம் தாங்கி அமுங்கியிருந்தது. தலைக்கு மேலே தோல் இருக்கை கிறீச்சிட்டது. அமர்ந்திருப்பவர் சலித்துப்போய்ச் சற்று அசைந்ததைப் போல.

காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினார். சிறுவயது முதல் நாவில் இருந்தது. இரண்டாவது வரி வரவில்லை.

அப்போது காருக்கும் தரைக்கும் இடையிலிருந்த வெளிச்சக் கீற்றில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. றுமானாவின் ரப்பர் செருப்புகள்.

"வாப்பா! தேத்தண்ணி ஆறுது," என்றாள். பிறகு குரல் மாறியது, மரியாதையாக, வெட்கத்தோடு. "அல்லாஹ்வே, ஆள் இருக்கிறது தெரியாமப் போயிட்டே. றிப்தி மச்சான்ட ஆக்களா?"

பதில் எதுவும் ஜவாதுக்குக் கேட்கவில்லை.

"முகத்த மூடியிருக்கிறதால ஆரெண்டு விளங்கல்ல, குறை நினைக்காதீங்க மாமி. வாப்பாவுக்கு வேலையெண்டா ஒண்டும் தெரியாது. உள்ளுக்கு வாங்க, வீட்ட வந்து இருங்க."

வாசலுக்கு வந்த பெண்ணை வாகனத்திலேயே இருத்தி வைப்பது அந்த வீட்டில் இல்லாத பழக்கம். வந்தவர் யார் என்று கேட்பதற்கு முன் உள்ளே அழைக்கிற வீடு அது.

"மகள்," என்றார். காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது.

"கைய நீட்டுறீங்களா? இந்தாங்க, என்ட கையப் பிடிச்சு இறங்குங்க. இப்பதான் மருதோண்டி போட்ட, காயல்ல. பரவாயில்ல மாமி, அழிஞ்சா திரும்பப் போடலாம்."

ஸ்பிரிங் நிமிர்ந்தது.

மெதுவாக. ஒரு முனகலோடு. கார் சமனாகியது. கையிலிருந்த கருவியில் பச்சைக் கோடு ஏறியது. பாதி. முக்கால். நிறைந்தது. அதிலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

றுமானாவின் செருப்புகளுக்குப் பக்கத்தில், சிமெந்துத் தரையில், சேற்றுத் தண்ணீர் பாத வடிவில் ஊறியது. ஒன்று. பிறகு மற்றொன்று.

"ஓம் மாமி, ரெண்டு அறை இருக்கு. நீங்க எவ்வளவு நாளும் நிக்கலாம்."

செருப்புகள் திரும்பின. ஈரத் தடங்களும் திரும்பின.

அவர் குழியின் விளிம்பைப் பிடித்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். முழங்கால் தோல் உரிய மேலே ஏறி வந்தபோது றுமானா வீட்டின் குசினி வாசலில் நின்றிருந்தாள். தனியாக. வெளிச்சம் அவள் மேல் விழுந்திருந்தது. யாரையோ தாங்குவதைப் போல வலது கையை மடித்து வைத்து, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடி, கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"படி பார்த்து, மாமி."

அவளுடைய முன்கை முழுக்கப் பூவும் கொடியுமாக அப்பியிருந்த பச்சை மருதோண்டியில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. ஜவாத் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இறங்கின.