தூரத்திலிருந்தே தெரியணும்

"அந்தக் குடையைக் கீழ வைங்க சார்!"

பேருந்து நிலையக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பியில் அவள் மாட்டியிருந்த சாம்பல் நிறக் குடையை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நல்ல உயரம்… அறுபதைத் தொடும் வயது… இஸ்திரி கலையாத சட்டை. பார்த்தால் திருடன் மாதிரியும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"ஐயோ, என்னோடதுன்னு நினைச்சு எடுத்துட்டேன்…"

"உங்களோடது அதோ தொங்குது பாருங்க. அது கருப்பு, இது சாம்பல். கண்ணு தெரியலையா?"

அவர் சிரித்தார். "கொஞ்சம் அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

என்ன கொழுப்பு! சுடச்சுடத் திருப்பிக் கொடுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண்கள்… பெரிய, ஈரமான கண்கள். அவளைப் பார்த்தும் பார்க்காமல், அவளுக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. ஐம்பது தாண்டிய ஒருத்திக்கு நெஞ்சு இப்படியா திக்திக்கென்று அடிக்கும்? அடித்துத் தொலைத்ததே…

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் துணி அறையில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு… இதுதான் உலகம். அங்கே எல்லாருக்கும் அவள் 'அக்கா'. வீட்டிலும் அக்காதான். அப்பா போனபிறகு தம்பியைப் படிக்க வைத்து, அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்து, அப்பாடா என்று கண்ணாடியைப் பார்த்தபோது தலை நரைத்திருந்தது. சாயம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். யாருக்காக என்று விட்டுவிட்டாள்.

அவர் அந்தப் பேருந்து நிலையத்திலேயே வேலை பார்ப்பவர். பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு, இப்போது ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் எல்லாருக்கும் அவர் 'டிரைவர்'தான். மனைவி போய் நாளாயிற்று. பிள்ளை கிடையாது.

மறுநாளும் பார்த்தாள். "என்ன சார், இன்னைக்கு யாரு குடை?"

குரல் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "குடை எதுக்கு? நீங்க திட்டுறதுல மழையே பயந்து ஓடிடுச்சு!"

அப்புறம் அது வாடிக்கையாகிப் போனது. அவர் வேலை முடிந்து வெளியே வருவார்… அவள் ஏதாவது வம்பிழுப்பாள்… வண்டி வரும்வரை பேச்சு. அவளுடைய வண்டி தாமதமாக வரட்டும் என்று அவள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். வண்டிகளின் நேரமெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் அந்த மனிதரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருப்பார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

கூட வேலை பார்க்கும் தோழிதான் கொளுத்திப் போட்டாள். "எப்பப் பாரு நீதான் முதல்ல போய்ப் பேசுற. ஒரு நாள் சும்மா நின்னு பாரேன்… அந்த ஆளுக்கும் ஆசை இருந்தா தேடி வரட்டும்."

நிலையத்துத் தூண் ஓரமாகச் சும்மா நின்றாள். தோழி பக்கத்தில். அவர் வெளியே வந்தார். இவள் இருந்த பக்கம் முகம் திரும்பியது. இவள் சிரித்தாள்… கையைக்கூடத் தூக்கினாள். கைக்கெட்டும் தூரத்தில், யாரோ எவளோ என்பதுபோல் அவர் கடந்து போனார்.

தோழி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. நரைத்த கிழவிக்கு இந்த ஆசை தேவைதானா என்று ராத்திரி தலையணையோடு அழுதாள். மறுநாளிலிருந்து நிலையத்தின் பின்வாசல் வழியாகப் போய் வேறு வண்டி பிடித்தாள். வழி சுற்று. இருக்கட்டும், மானம் பெரிசில்லையா!

சில வாரம் போயிற்று. அந்த வண்டியின் கண்டக்டர் பழைய ஆள், டிரைவரோடு ஓடியவர். பேச்சுவாக்கில் அவள் பொருமிவிட்டாள். "உங்க டிரைவர் பெரிய மனுஷன்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி போறாரு!"

கண்டக்டரின் முகம் விழுந்துபோனது. "பார்த்தாத்தானேம்மா… அவருக்குப் பார்வை போயிட்டே இருக்கு. உங்களுக்குத் தெரியாதா? அதனாலதான் வண்டியிலேர்ந்து இறக்கிட்டாங்க. பளிச்சுனு இருந்தா கொஞ்சம் தெரியும், மத்ததெல்லாம் ஒரே புகைதான். இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் போயிடுமாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. பரிதாபப்பட்டா அவருக்கு ஆகாது."

கண்ணு தெரியலையா… ஊர் பார்க்க அவள் கேட்ட கேள்வி. ஐயோ, என்ன வாய் இது!

துணி அறையில் உட்கார்ந்து ஒரு விரிப்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். சாம்பல் நிறச் சீருடை, நரைத்த தலை, சாம்பல் நிறம் பூசிய தூண்… அவள் எங்கே முடிகிறாள், சுவர் எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அழுது ஓய்ந்தபோது விரிப்பின் ஓரம் கண்ணில் பட்டது. மஞ்சள் நூல் தையல். எல்லா விரிப்பும் ஒரே வெள்ளை என்பதால், பெரிய கட்டிலுக்கு உரியதை எட்டி நின்றே கண்டுபிடிக்க அவளே தைத்தது. அந்தத் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருப்பாம்மா? பிரவுனா?" என்றாள் அழகு நிலையத்துப் பெண்.

"தங்கக் கலர்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். தூரத்துலேர்ந்தே தெரியணும்."

நரைத்த முடி சொன்னபடி கேட்டது. மிச்சம் இருந்த கருப்புதான் அடம்பிடித்தது. முதல் தடவை கழுவியபோது பாதித் தலை செங்கல் நிறம். கண்ணாடியைப் பார்த்து அவள் அலற, "பயப்படாதீங்கம்மா, இன்னொரு சுத்து போட்டாச் சரியாயிடும்" என்று அந்தப் பெண் தேற்றினாள். சாயங்காலம் எழுந்து நின்றபோது கண்ணாடியில் யாரோ ஒருத்தி தகதகவென்று நின்றாள்… பயந்த முகத்தோடு.

தம்பி கதவைத் திறந்தவன் திறந்தபடி நின்றான்.

"அக்கா! என்ன கோலம் இது? நான் நாலு பேர் முன்னாடி தலை காட்ட வேண்டாமா?"

"உன் தலையை நீ காட்டு. என் தலையை நான் காட்டிக்கிறேன்."

"சிரிக்கிறாங்கக்கா… இந்த வயசுல யாருக்காக இதெல்லாம்?"

வாயில் பதில் இருந்தது. சொல்ல முடியவில்லை. அவளே இன்னும் அவரிடம் சொல்லாததை இவனிடம் எப்படிச் சொல்வாள்? "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பழையபடி தூண் பக்கத்தில் நின்றாள். கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால், தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள், பரிதாபத்தில் வந்திருக்கிறாள் என்றாகிவிடும். அவராகப் பார்க்கட்டும்… அவராக வரட்டும்.

அவர் வெளியே வந்தார், கம்பியை விரலால் தடவியபடி. முகம் அவள் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. பார்க்கிறார்… பார்த்துவிட்டார்! ஆனால் அவர் மெல்ல நகர்ந்து, அந்தப் பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நரைத்த அம்மாளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அந்த அம்மாள் முறைத்தாள். அவர் கூனிக் குறுகி நடந்து போனார்.

அடுத்த நாளும் அதே கதை. தங்கத் தலையை நின்று பார்த்தார்… கடந்து போய் டிக்கெட் ஜன்னலோரம் இன்னொரு நரைத்த தலையிடம் குனிந்தார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை கேலியும் கிண்டலும் இதற்குத்தானா?

மூன்றாம் நாள் அவர் படியில் தடுமாறினார். யாரோ, "பார்த்து வாய்யா!" என்று சிடுசிடுத்துப் போனார்கள். அவர் அந்தத் திசைக்கு ஒரு மன்னிப்புச் சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுடைய மானமாவது ரோஷமாவது…

"சார்…"

அவர் சட்டென்று திரும்பினார். "நீங்களா? எங்க… எங்க போயிட்டீங்க?" தடவித் தடவிக் கிட்டே வந்தார். "எத்தனை நாளாத் தேடுறேன் தெரியுமா? எனக்குக் கண்ணு… சரியாத் தெரியாதுங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். வெட்கம். இங்க ஒரு நரைச்ச தலை தெரிஞ்சாப் போதும், நீங்களான்னு போய்க் கேட்டுக் கேட்டு… நேத்து ஒரு அம்மா போலீஸைக் கூப்பிடுவேன்னாங்க."

நரைத்த தலையை! ஊரிலுள்ள நரைத்த தலையெல்லாம் பார்த்திருக்கிறார்… கடைசி வெளிச்சத்தை அதிலே செலவழித்திருக்கிறார்.

"இந்தத் தூண் பக்கத்துல தங்கக் கலர்ல ஒரு தலையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே! மூணு நாளா நிக்குது. இந்தப் புகைக்குள்ள அது ஒண்ணுதான் அழகாத் தெரிஞ்சது. யாரோ சின்னப் பொண்ணு… கொடுத்து வச்சவன் எவனுக்கோ நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

"உங்களுக்குத்தான் நின்னேன்," என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. "உங்க கண்ணுல படணும்னுதான்… தலையைக் கெடுத்துக்கிட்டு நிக்கிறேன்."

அவர் கை எழுந்து, காற்றில் சற்றுத் தடுமாறி, அவள் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. அந்தப் பெரிய கண்களிலிருந்து பொலபொலவென்று வழிந்தது.

"அப்ப… நான் உங்களைப் பார்த்துட்டேன்," என்றார்.

"பார்த்துட்டீங்க."

"எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்ங்க. ஆனா, ரொம்ப நாள் இல்லை… இந்தத் தங்கமும் தெரியாமப் போயிடும். அப்புறம் இந்தக் கூட்டத்துல நான் எப்படித் தேடுவேன்?"

அவளுடைய வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. இரண்டு பேரும் நகரவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமேலிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க தேடினது போதும்," என்றாள். "இனிமே நான் தேடி வர்றேன்."