பேர் சொல்லித்தான் எழுப்ப வேண்டும்

விழுந்து கிடந்தவர்கள் எழுந்து வந்த பிறகும், எழுந்திருக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

முழங்கால் மண்ணை அழுத்துகிற சத்தம், துணியோடு துணி உரசுகிற சத்தம், வெகுநேரம் கிடந்தவன் எழும்போது விடுகிற அந்த அலுத்த மூச்சு. அம்பிகா மைக்கைப் பிடித்தபடியே, மேல்விஷாரத்துக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய தோல் தொழிற்சாலையின் பின்முற்றத்தைப் பார்த்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் வரலாற்றுத் திருவிழா. ஆயிரத்து எண்ணூற்று ஆறில் கோட்டைக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சுடப்பட்டுச் செத்த சிப்பாய்களின் கதையை அவளுடைய தன்னார்வக் குழு நடித்துக் காட்டப் போகிறது. அதற்குத்தான் இங்கே ஒத்திகை. கோட்டையிலிருந்து தப்பி ஓடி வந்தவர்களை இந்தப் பக்கம்தான் சுட்டுப் புதைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குழுவை நடத்தும் நிசார் அஹமதுக்கு ஆம்பூரில் செருப்புக் கடை. அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். விழுந்து கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். "பட்டாசு வெடிக்கிற எடம்மா. எவனுக்காச்சும் அடிபட்டிருந்தா தெரியணுமில்ல?" என்பார். இன்று அவர் போலீஸ் அனுமதிக்காக அலையப் போய்விட, மைக் அம்பிகாவின் கைக்கு வந்தது. மழைக்கு முன்னால் முடிக்கிற அவசரத்தில் அவள், "செத்தவங்க எல்லாரும் எழுந்து வாங்கப்பா, டீ ஆறிப்போவுது!" என்று ஒரே கூப்பாடாகக் கூப்பிட்டுவிட்டாள்.

பையன்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வேனில் ஏறினார்கள்.

"இன்னாக்கா, கௌதம் வரலையா?" என்றான் வேனை ஓட்டும் வேலு.

"அவன் என் வண்டியில வருவான். நீ கெளம்பு."

கௌதம் அவளுடைய தம்பி. மதிலோரமாக இன்னும் மல்லாந்து கிடந்தான். சரியான பிடிவாதக்காரன், பேர் சொல்லாமல் எழமாட்டான். அப்பா போன பிறகு அம்மாவுக்கு உயிரே அவன்தான். "உசுரோட இருக்கிற புள்ளைய பொணமாப் படுக்க வைக்கிறியேடி, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று காலையில்கூட அம்மா திட்டித் தீர்த்தாள். அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் வீட்டில் சேர்க்க வேண்டும். அம்பிகாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

முற்றத்தைக் கடந்து நடந்தாள். வேலை நின்று பல வருஷம் ஆன இடம். ஆனாலும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை, இப்போதுதான் குழியைத் திறந்தது மாதிரி ஈரமாகக் கிளம்பி மூக்கில் ஏறி நாக்கில் ஒட்டியது. தகரக் கொட்டகையின் தூண்களில் பையன்கள் கழற்றி மாட்டிய சிவப்புக் கோட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அப்படித்தான் நினைத்தாள். கோட்டுக்குக் கால் இருக்காது. இவற்றுக்கு இருந்தது. வெறுங்கால். விரலிடுக்கில் சேறு.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாமே மரத்துப் போயிருந்தது.

"டேய், நடிச்சது போதும். எழுந்திரு."

கௌதமின் உதடு மட்டும் அசைந்தது. "முடியலக்கா."

"இன்னாடா முடியல?"

"எனக்குக் கீழ படுத்திருந்தவங்க என்னத் தள்ளிட்டு எழுந்து போனாங்க. அவங்க இருந்த எடத்துல இப்ப நான் இருக்கேன். என் பேரச் சொல்லுக்கா. சீக்கிரம்."

கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். அவன் முதுகு மண்ணுக்குள் இருந்தது. தோளும் போய்க்கொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். தூண்களருகே யாரும் இல்லை. அவளைச் சுற்றி இருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர்களைப் போல, தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்து நின்றார்கள்.

சொல்லக் கூடாது. சொல்லாமல் எப்படி எழுப்புவது?

"அக்கா..."

மண் அவன் காதை மூடியது.

"கௌதம்!"

"இதோ வந்துட்டேன்க்கா."

பின்னாலிருந்து. தம்பியின் குரல்.

திரும்பினாள். வரிசையிலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். முகத்திலிருந்து சேறு கட்டி கட்டியாக உதிர்ந்தது. அடியில் கௌதமின் மூக்கு. கௌதமின் வாய்.

கைப்பேசி அடித்தது. அம்மா. அவளுடைய மரத்த விரல்களிலிருந்து அவன் அதை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

"கெளம்பிட்டோம்மா. ரொம்பப் பசிக்குது."

"வாடா கண்ணு. சூடா சாதம் இருக்குது." அம்மாவின் குரலில் அத்தனை சந்தோஷம்.

அம்பிகா கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது. திறந்த அந்த வாயையே மற்றவர்கள் ஆசையோடு பார்த்து, இன்னும் நெருங்கி வந்தார்கள்.

காலடியில் மண் மட்டமாகிவிட்டது. ஒரு கண் மட்டும் வெளியே மிச்சமிருந்தது. அது அவளைப் பார்த்து இமைத்தது.