தூங்கவிடாத தட்டல்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து, ஓடைப்பட்டி திராட்சைக் குளிர்க்கிடங்கின் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள் ஜெபஷீலா. கம்பம் டவுனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். மலையிலிருந்து இறங்கிய மேகம் பந்தல்களுக்கடியில் பகலையே இருட்டாக்கியிருந்தது. நசுங்கிய பழத்தின் புளிப்பு வாடை. அதற்கும் கீழே பூச்சிமருந்தின் நெடி.

முதலாளி கர்ணன் ஆபீஸ் அறைக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

“வா ஆத்தா. அந்தக் கேமரா டிஸ்க்கு ஓயாம உறுமுது. தூங்க வையி.”

“கைப்புள்ளையக் குடுக்குற மாதிரில்ல சொல்றீக,” என்று சிரித்தபடி உள்ளே போனாள்.

கம்ப்யூட்டரில் மின்சேமிப்பு சரியாகத்தான் இருந்தது. கேட்பாரில்லாமல் சற்று நேரம் கிடந்தால் ஹார்ட் டிஸ்க் தானே சுழல்வதை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தவிடாமல் ஒன்று இருந்தது. டிஸ்க்கின் சூட்டைக் கண்காணிக்கும் மென்பொருள். விட்டு விட்டு அது டிஸ்க்கை விசாரித்துக்கொண்டே இருந்தது.

“கண்ணசரப் போறவன ‘தூங்கிட்டியா, தூங்கிட்டியா’ன்னு தட்டிக்கிட்டே இருந்தா எப்படிண்ணே தூங்குவான்? இத யாரு போட்டது?”

கர்ணன் குளிரறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பாண்டீஸ்வரன்.”

அவளுக்கும் தெரிந்த பெயர்தான். கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு ராத்திரி குளிரறைக்குள் மாட்டி விறைத்துச் செத்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது, கேமராப் பதிவு இல்லை, டிஸ்க் தூங்கிவிட்டது என்று கர்ணன் போலீஸில் சொல்லியிருந்தார். பாண்டீஸ்வரனின் மனைவி அனுசுயா அதை நம்பாமல் இன்னமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள்.

ஜெபஷீலா யோசிக்காமல் வாய்விட்டாள். “அப்போ அன்னைக்கும் இது தூங்கியிருக்காதேண்ணே. பதிவாகியிருக்கும். அழிச்சிருந்தாக்கூட மீட்டுரலாம்.”

கர்ணன் கதவை மறித்து நின்றார்.

“அத எடு. டிஸ்க்கையும் கழட்டி எங்கிட்டக் குடு.”

அவள் மென்பொருளை நீக்கினாள். உறுமல் இறங்கியது. தேய்ந்தது. நின்றது.

கர்ணன் மூச்சு விட்டார். “தொலஞ்சான்.”

டக்.

டக்.

டக்.

டிஸ்க் மறுபடி சுழலத் தொடங்கியது.

ஜெபஷீலா தேடிப் பார்த்தாள். டிஸ்க்கைத் தட்டி எழுப்ப உள்ளே எந்த நிரலும் இல்லை. ஆனாலும் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று தட்டல், ஓர் இடைவெளி. மூன்று தட்டல், ஓர் இடைவெளி.

“இப்பிடித்தான் தட்டுனான்,” என்றார் கர்ணன்.

“யாருண்ணே?”

அவர் உதடு வெளுத்திருந்தது. பாய்ந்து வந்து மின்வயரைப் பிடுங்கினார். திரை இருண்டது.

டிஸ்க் நிற்கவில்லை.

ஜெபஷீலா விரல் வைத்துப் பார்த்தாள். கொதிக்க வேண்டிய இரும்பு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டு, விரல்தோலைக் கவ்வி இழுத்தது.

இப்போது தட்டல் குளிரறைப் பக்கமிருந்தும் கேட்டது.

“ஏலே பாண்டி!” கர்ணன் அலறிக்கொண்டு ஓடினார். “மருந்துல முக்குன பழம்னு ஊரெல்லாம் சொல்லுவேன்னீல்ல? செத்தும் அடங்கலையாலே?”

கனத்த கதவைத் திறந்து உள்ளே போனார். யாருமில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளப் போனவர் போல.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஜெபஷீலா ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தாள். வெளியிலிருந்து எப்போதும் திறக்கும் கதவு. அசையவில்லை. உள்ளேயிருந்து திறக்கும் குமிழ் இல்லை. பாண்டீஸ்வரன் செத்த அன்றைக்குக் கர்ணனே கழற்றியது, திரும்ப மாட்டவில்லை. உள்ளே இரண்டு கைகளும் வெறிபிடித்து அறைந்தன. அவள் போன் செய்தாள், கத்தினாள், இழுத்தாள். அறைதல் தளர்ந்து ஓய்ந்த பிறகு, விரல் பட்டதும் கதவு திறந்துகொண்டது.

கர்ணன் கதவடியில் முழங்காலிட்டபடி விறைத்திருந்தார். கண்கள் திறந்தபடி.

போலீஸ் வந்தது. அனுசுயாவும் வந்தாள். அழித்த பதிவை ஜெபஷீலா மீட்டுப் போட்டாள். கர்ணன் குமிழைக் கழற்றுவதும், பாண்டீஸ்வரனை உள்ளே தள்ளுவதும், கதவில் சாய்ந்து நின்று தட்டலைக் கேட்டுக்கொண்டிருப்பதும் திரையில் ஓடின. அனுசுயா அழவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். எந்த வயரும் இல்லை. காவலர்கள் உடலைத் தூக்கப் போய்விட்டார்கள்.

டிஸ்க்குக்குள் ஒரு படபடப்பு எழுந்தது. தாறுமாறான அறைதல், குளிரறைக்குள் கர்ணன் இரண்டு கைகளாலும் அறைந்தது போலவே. மெல்லத் தளர்ந்தது. ஓயப் போனது.

டக். டக். டக்.

மறுபடி படபடப்பு.

“இது எங்க வீட்டுக்காரரு தட்டுறது,” என்றாள் அனுசுயா. “வேலை முடிஞ்சு வந்தாகன்னா இப்பிடித்தான் கதவத் தட்டுவாக.”

ஜெபஷீலா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அனுசுயா குனிந்து, பனி பூத்திருந்த அந்த இரும்பில் உதட்டை வைத்துக் கிசுகிசுத்தாள்.

“அவனத் தூங்க விட்டுராதீக.”

டக். டக். டக்.