மூன்றாவது மீட்டர்

மூன்றாவது பையிலேயே மருந்துச் சொட்டு மஞ்சளாகிவிட்டது. அவ்வளவு மேலே பாறையே கிடையாது.

பல்லடத்துக்குத் தெற்கே, மழையே மறந்துபோன அந்த மேட்டுக்காட்டில் உரத்துக்கான பாஸ்பேட் பாறையைத் தேடி ரிக் வண்டி துளை போட்டிருந்தது. மீட்டருக்கு ஒரு பையாகத் தூளை அள்ளி, எண் எழுதி, பனியன் வேஸ்ட் துணியால் வாயைக் கட்டி வரிசையாக வைப்பது ரோஸ்மேரியின் வேலை. பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த கண் என்பதால், நிலவியல் படித்த கிருத்திகா மேடம் மருந்துச் சோதனையையும் அவளிடமே விட்டிருந்தார். மஞ்சளானால் பாஸ்பேட். "எலும்புலகூட இதேதான் இருக்கு" என்று சிரித்தார்.

துளைக்கு இடம் குறித்தது மேடம் இல்லை. அந்த நிலத்தின் சொந்தக்காரர், காட்டுக்காரர் கதிர்வேல், கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பதுபோல, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் விறைத்து எழுந்து நின்றது. "இங்கதானுங்க!" என்றார். மேடம் தலையில் அடித்துக்கொண்டார்.

முன்பு அங்கே கதிர்வேலின் சாயப்பட்டறை இருந்தது. மூடச் சொல்லி உத்தரவு வந்ததும் இடித்து, தொட்டிகளில் மண்ணைக் கொட்டி, பொக்லைன் விட்டு நிரவிவிட்டார். எது எங்கே இருந்தது என்று இப்போது அவருக்கே தெரியாது.

அந்தப் பட்டறைத் தொட்டியைக் கழுவப் போன ரோஸ்மேரியின் புருஷன் ஆரோக்கியராஜ் நாலு வருடமாகத் திரும்பவில்லை. "சொல்லாம ஊருக்குப் போயிட்டானுங்க அம்மிணி" என்றார் கதிர்வேல். எவளோடோ ஓடிவிட்டான் என்றது தெரு. கடைசியில் அவளும் அதை நம்பித் தொலைத்தாள். ஆனாலும் அவன் எங்கே என்று தெரியாமல் செத்துவிடக்கூடாது என்றுதான் இந்தக் காட்டு வேலைக்கு வந்தாள்.

உச்சி வெயில். ரிக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இலைகூட அசையவில்லை. மூன்றாம் பையைச் சல்லடையில் கொட்டியதும், அவன் சட்டையில் துவைத்தாலும் போகாத அந்தச் சாயக் கழிவு வாடை குப்பென்று எழுந்தது. வெள்ளைத் தூளுக்குள் விரலகலத் துணி. பழுப்பு. அவன் கழுத்தில் கயிற்றில் கிடந்த மாதா கோயில் உத்தரியம். ஓரத்தில் சிவப்பு நூலில் அவள் கைத்தையல்.

அழுகை வரவில்லை. நாலு வருடமாக அவனை ஏசிய ஏச்செல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தூளைத் திரும்பப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

நாலாம் பை. மஞ்சள். பத்து. மஞ்சள். இருபது. முப்பது. மஞ்சள். தொட்டியின் ஆழமே பத்தடி, மூன்று மீட்டர்தான். ஒரு மனிதனிடம் இவ்வளவு எலும்பு ஏது? சொல்லாமல் ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

பின்னால் இருமல்.

அவனுடைய இருமல். சாயப் புகையில் வந்தது. திரும்பினாள். யாருமில்லை.

மூன்றாம் பை மெல்ல உப்பியது. சுருங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. காற்றே இல்லை. நாற்பதாம் பை வரை எல்லாம் உப்பின, சுருங்கின. முதல் இரண்டு மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தன.

புல்லட் வந்து நின்றது. கதிர்வேல்.

"ஏனுங்க அம்மிணி, கலரு வருதுங்களா?"

"எல்லாப் பையிலயும் வருது மொதலாளி."

அவர் முகம் மலர்ந்தது. "தேங்கா பொய் சொல்லாதுங்க! அடியில இன்னும் எவ்வளவு கெடக்குதோ!"

பைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

அவர் துளையருகே மண்டியிட்டார். மூடியிருந்த சாக்கை விலக்கினார். குனிந்தார்.

குனியாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவள் உத்தரியத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவர் நிமிரவில்லை. கைகள் மண்ணைப் பிறாண்டின. கால்கள் உதைத்தன. ஆறங்குலத் துளைக்குள் முகம் காதுவரை இறங்கியிருந்தது. பிடரியில் மஞ்சள் விரல்கள். பத்துக்கும் மேல்.

அவளுக்குப் பின்னால் பைகளெல்லாம் ஒன்றாக மூச்சை விட்டன.