தும்பைக் கூடையில் ஒரு மணமாலை

பெண்ணையாற்றின் மணல்திட்டுகளுக்கு அப்பால் முழுநிலவு எழுந்து, மேற்கே இன்னும் அணையாதிருந்த அந்திச் செக்கரோடு கலந்து, எட்டு மாத முற்றுகையால் கருகிக் கிடந்த ஏழெயில் கோட்டையின் மதில்களுக்குக்கூட ஓர் எழிலைத் தந்துகொண்டிருந்தது. நிலவுக்கு வேறு வேலை என்ன, வாசகர்களே! மதிலுக்கு வெளியே பாசறையில் படுத்திருந்த வீரர்களில் ஒருவன்கூட அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

போர் மூண்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்குன்ற நாட்டு மன்னர் இக்கோட்டையின் இளவரசி எயினியைப் பெண் கேட்டார். அவள் தந்தை மறுத்துவிட்டார். அவ்வளவுதான்!

மறுநாள் விடியலில் இறுதித் தாக்குதல். போருக்குச் செல்வோர் சூடும் தும்பை மாலைகளைக் கூடையில் சுமந்து ஒரு பூக்காரி, செங்குன்றப் படைத்தலைவன் பெருஞ்சாத்தனின் கூடாரத்துக்குள் நுழைந்தாள். மேலே கிடந்த தும்பையை விலக்கினாள். அடியில் ஒரு மணமாலை இருந்தது.

"யாரம்மா நீ?"

"எவளுக்காக எட்டு மாதம் இங்கே கிடக்கிறீரோ, அவள்தான். நான் எயினி. என்னை உம் மன்னரிடம் அழைத்துச் செல்லும், தளபதியாரே. இரு பக்கமும் போன உயிர்கள் போதும்."

பெருஞ்சாத்தன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அவன் கண்கள் நிறைந்தன.

"இளவரசி, தாங்கள் வீணாக வந்துவிட்டீர்கள். எம் மன்னர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். ஓலை வந்து ஆறு நாளாகிறது. படைக்கு நான் இன்னும் சொல்லவில்லை."

"ஐயோ! பிறகு நாளைய தாக்குதல் எதற்கு?"

"'இப்போது திரும்பினால் ஊர் சிரிக்கும்' என்று அதே ஓலையில் எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு காரணம் உண்டு. வடக்கு வாயிலில் என் தம்பி விழுந்தான். கோட்டையும் இல்லாமல் வீடு போனால், அவன் எதற்காகச் செத்தான் என்று என் தாயிடம் என்ன சொல்வேன்?"

"கோட்டை கிடைத்தால் மட்டும் என்ன சொல்வீர்?" என்றாள் எயினி. "என் தமையனும் அதே வாயிலில்தான் மாண்டார். கோட்டை இன்னும் எங்கள் கையில்தான் இருக்கிறது. ஆயினும் என் தாயிடம் சொல்ல எனக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லையே!"

பெருஞ்சாத்தன் வாளை உருவி அந்த மணமாலையின்மேல் வைத்தான்.

"இனி என் ஏணி எதுவும் இம்மதிலில் சாராது. இது என் ஆணை. மன்னர் என் தலையைக் கேட்டால் கேட்கட்டும். தாங்கள் வீடு செல்லுங்கள், அம்மணி."

அவளைக் காவலோடு அனுப்பிவிட்டு ஓலையுடன் வெளியே வந்தான். தும்பைக்காகக் காத்திருந்த வீரர்கள் எழுந்து நின்றார்கள். அவன் அதை உரக்கப் படித்து, நாளை தாக்குதல் இல்லை என்றான். யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

"கல்யாணம் என்றைக்கு நடந்ததாம், தலைவரே?" என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டான்.

"போன பௌர்ணமியன்று."

"அன்றைக்குத்தானே நாம் வடக்கு வாயிலில்..."

"ஆமாமப்பா" என்றான் பெருஞ்சாத்தன். அவர்கள் நடுவே மணலில் உட்கார்ந்துகொண்டான்.