சாயங்காலக் காப்பிக்கு வருகிறவர்

"அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டாம்மா. ரொம்ப நாழியா உக்காந்துண்டிருக்கார்," என்றார் வேதாந்தம், எதிரே இருந்த காலிப் பிரம்பு நாற்காலியைக் காட்டி.

மகள் மாளவிகா மறுக்கவில்லை. அப்பாவின் மறதி நோயைக் கண்டுபிடித்த டாக்டர் சொல்லியிருந்தார்: "இல்லேன்னு வாதாடாதீங்க, பயம்தான் ஜாஸ்தியாகும். அவரோட உலகத்துக்குள்ள நீங்க போங்க." அதனால் காலி நாற்காலிக்கு முன்னும் ஒரு டம்ளரை வைத்து, "சங்கோஜப்படாதீங்கோ மாமா, உங்காத்துல இருக்கற மாதிரி நினைச்சுக்கோங்கோ," என்றாள், செத்துப்போன அம்மா விருந்தாளிகளிடம் சொல்வதைப் போலவே.

"காப்பி தண்ணியா இருக்காம். மரியாதைக்குச் சொல்ல மாட்டேங்கறார்," என்று அப்பா கண்ணடித்துச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அன்று முதல் தினமும் நாலு மணிக்கு, கோபாலபுரத்துத் தெரு வெயிலில் அசந்து கிடக்கையில், அடுத்த அறையில் லேப்டாப்பில் வேலை செய்தபடியே கூடத்தில் அப்பாவின் தணிந்த குரலையும், எவரோ கேள்வி கேட்க வழிவிடுவது போல் அந்தக் குரல் நின்று நின்று தொடர்வதையும், அந்த இடைவெளிகளில் பிரம்பு நாற்காலி மெல்லக் கிறீச்சிடுவதையும் அவள் கேட்டாள். ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டாள். வந்தவர் காப்பியைத் தொடுவதில்லை. ஆடை படிந்து அப்படியே இருக்கும்.

அப்பா என்ன பேசினார், எதை மறந்தார் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதவும் டாக்டர் சொல்லியிருந்தார். மறதிக்குப் பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு. புதிய நினைவுகள் முதலில் உதிரும். காலையில் சாப்பிட்டது போய்விடும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் நிற்கும், ஏனென்றால் திரும்பத் திரும்ப நினைத்தவை மூளையில் ஆழமாக வேர் பிடித்திருக்கும். வரிசை தெரிந்தால் அடுத்து எதற்குத் தயாராவது என்பதும் தெரியும்.

வியாழக்கிழமை மாலை நோட்டைப் புரட்டினாள். அந்த வரிசை அதில் இல்லை.

திங்கள் மாலை, வந்தவரிடம் அப்பா தன் கல்யாணத்தைச் சொன்னார். செவ்வாய் காலை, அம்மாவின் படத்தைக் காட்டி, "யார் இந்த மாமி?" என்றார். செவ்வாய் மாலை, கணக்கு வாத்தியாராக இருந்த முப்பது வருஷத்தைச் சொன்னார். புதன் காலை, ஏழும் எட்டும் எவ்வளவு என்று தெரியவில்லை. ஆனால் முந்தின நாள் தின்ற இட்லி நினைவிருந்தது.

சொல்லாததெல்லாம் இருந்தது. சொன்னது மட்டும் போயிருந்தது.

கூடத்தில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். இன்று மூன்று மணிக்கே ஆரம்பித்துவிட்டார்.

"என் பொண்ணா? மாலுவைப் பத்தித்தானே இவ்வளவு நாழி சொன்னேன்! இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி..."

"அப்பா! சொல்லாதீங்கோ!"

ஓடினாள். கதவு. நடை. கூடம். இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

அப்பா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அந்நியப் பெண்ணுக்குக் காட்டும் மரியாதை.

"வாங்கோ. யார் வேணும்?"

அவள் முதுகுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏன் மாலு, முகம் வாடியிருக்கு?"

அப்பாவின் குரல். அப்பாவின் உதடுகள் அசையவில்லை.

பின்னாலிருந்து, சின்ன வயதில் அப்பா ஜுரம் பார்த்தது போலவே, ஒரு புறங்கை அவள் நெற்றியில் வந்து படிந்தது.